ஜெபமாலை சொல்லும்போது மனம் நிற்பதில்லை, நிறுத்திவிடலாமா?

1 அக்டோபர் 2024, செவ்வாய் (திருக்காட்டுப்பள்ளி பக்கத்து வாசகி ஒருவரின் கேள்வி)

தினமும் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு ஐம்பத்துமூன்று மணி ஜெபம், அதாவது ஜெபமாலை, சொல்கிறேன். முதல் பத்து அருள் நிறைந்த மரியே முடிவதற்குள் மனம் வயலுக்குப் போய்விடுகிறது. மோட்டார் ஓடுகிறதா, மாட்டுக்குத் தண்ணீர் காட்டினோமா, மஸ்கட்டில் இருக்கும் மகள் ஏன் இன்னும் போன் பண்ணவில்லை, இப்படியே ஓடுகிறது. மூன்றாவது பத்தில் நிறுத்தி, எந்தத் தேவ இரகசியம் (ஒவ்வொரு பத்துக்கும் தியானிக்கிற இயேசு, மாதா வாழ்க்கை நிகழ்ச்சி) என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சென்னையில் இருக்கும் மகன் இப்போது வேறு சபைக்குப் போகிறான். "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்னு இயேசுவே சொல்லியிருக்காரேம்மா" என்கிறான். எனக்கும் அதில் நியாயம் இருப்பதாகப் படுகிறது. கடனுக்குச் சொல்வதைவிட நிறுத்திவிட்டு, மனதில் இருப்பதை ஆண்டவரிடம் நேராகச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளலாமா?

1 அக்டோபர், இரவு

நிறுத்தாதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

இன்று யாருடைய திருநாள் என்று பாருங்கள். சிறுமலர் தெரசா. 1897 செப்டம்பர் 30-ல், 24 வயதில் இறந்த கார்மேல் சபைக் கன்னியாஸ்திரி. 1997-ல் திருச்சபை அவரை மறைவல்லுநர், அதாவது திருச்சபைக்கே போதகர், என்று அறிவித்தது. அவர் இறப்பதற்குச் சில மாதம் முன்னால் எழுதியதில், ஜெபமாலை சொல்வது ஒறுத்தல் கருவியை உடம்பில் கட்டிக்கொள்வதைவிடத் தனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். மறையுண்மைகளை, அதாவது நீங்கள் சொல்லும் தேவ இரகசியங்களை, தியானிக்க எவ்வளவு முயன்றாலும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை, மோசமாகத்தான் சொல்கிறேன் என்கிறார். ரொம்ப காலம் அதை நினைத்து வருந்திவிட்டு, மாதா தன் நல்ல மனதைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வார் என்று தேறினார்.

மடத்தில் இருந்துகொண்டு, மாடும் மோட்டாரும் இல்லாமல், அவருக்கே அப்படி. உங்களுக்கு மனம் வயலுக்குப் போகிறது என்றால் அதில் அதிசயம் என்ன இருக்கிறது? இந்த வருஷம் மேட்டூர் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். சம்பா வேலை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கிறது. போகத்தான் செய்யும்.

2 அக்டோபர், புதன்

மகன் சொன்ன வசனத்துக்கு வருகிறேன். மத்தேயு 6:7. நேற்று இரவு எடுத்து முழுதாக வாசித்தேன். அங்கே ஆண்டவர் கண்டிப்பது, நிறையப் பேசினால்தான் கடவுள் காதில் விழும் என்கிற நினைப்பை. அடுத்த வசனமே, நீங்கள் கேட்பதற்கு முன்னே உங்களுக்கு என்ன தேவை என்று தந்தைக்குத் தெரியும் என்றுதான் போகிறது. ஒரே ஜெபத்தைத் திரும்பச் சொல்லக்கூடாது என்பதல்ல அது. அதே மத்தேயு 26:44-ல், கெத்செமனித் தோட்டத்தில், ஆண்டவர் மூன்றாம் முறையும் போய் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று எழுதியிருக்கிறது. சாகப்போகிற இரவில் அவருக்குப் புது வார்த்தை தேவைப்படவில்லை.

136-ஆம் திருப்பாடலையும் மகனிடம் காட்டுங்கள். 26 வசனம். ஒவ்வொன்றும் "என்றும் உள்ளது அவரது பேரன்பு" என்றே முடியும். யாரும் அதை அலப்பல் என்று சொல்வதில்லை.

ஆனால் இதை வைத்து அவனோடு வாதாடாதீர்கள். அவன் பைபிள் வாசிக்கிறான், அம்மா என்ன ஜெபம் சொல்கிறாள் என்று கவனிக்கிறான். அது போதும் இப்போதைக்கு. லூக்கா 1:28-ஐயும் 1:42-ஐயும் அவனையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வானதூதர் சொன்னது ஒன்று, எலிசபெத்தம்மாள் சொன்னது ஒன்று. இரண்டையும் சேர்த்தால் அருள் நிறைந்த மரியேயின் முதல் பாதி வந்துவிடும்.

2 அக்டோபர், பின்குறிப்பு

"அப்ப ரெண்டாவது பாதி எங்கே இருந்து வந்தது?" என்று கீழே ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. "புனித மரியே, இறைவனின் தாயே" என்று தொடங்கும் மன்றாட்டு பைபிள் வசனம் அல்ல. அது மக்களின் ஜெபமாகப் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. இப்போது நாம் சொல்லும் வடிவம் 1568-ல் ஐந்தாம் பத்திநாதர் வெளியிட்ட குருக்களின் ஜெபப் புத்தகத்தில் உறுதியானது. முதல் பாதி வானத்திலிருந்து வந்த வாழ்த்து, இரண்டாம் பாதி ஊர்சனத்தின் பதில். இதைப் பற்றி இன்னும் சொல்லவேண்டியது இருக்கிறது.

3 அக்டோபர், வியாழன்

கிழமைக்கு ஒரு வரிசையாக வரும் சந்தோஷம், துக்கம், மகிமை, ஒளி மறையுண்மைகளில் இன்று ஒளியின் மறையுண்மைகள். "வியாழக்கிழமை சந்தோஷம்தானே சொல்லணும், இதெல்லாம் இடையில் சேர்த்தது" என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். சேர்த்ததுதான். 2002 அக்டோபர் 16-ல் இரண்டாம் யோவான் பவுல் ஜெபமாலை பற்றி ஒரு மடல் எழுதி, யோர்தானில் திருமுழுக்கு, கானாவூர் கல்யாணம், இறையாட்சி அறிவிப்பு, தோற்றமாற்றம், நற்கருணை என்று ஐந்தைத் தந்தார். வேண்டுமென்றால் சொல்லுங்கள் என்றுதான் தந்தார், கட்டளையாகப் போடவில்லை. உங்கள் பாட்டி வியாழனில் சந்தோஷம் சொன்னால் அதைத் திருத்த வேண்டியதில்லை.

என் அனுபவம் வேறு. முன்பெல்லாம் ஐந்தாம் சந்தோஷத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கோயிலில் காணக்கிடைப்பார், முதல் துக்கத்தில் இரத்தவேர்வை வேர்ப்பார். நடுவில் அவர் ஊர் ஊராக நடந்தது, சாப்பிட்டது, சுகப்படுத்தியது எதுவும் கிடையாது. கானாவூரைச் சேர்த்ததில் எனக்குச் சந்தோஷம். திராட்சை ரசம் தீர்ந்துபோனதை அந்தப் பந்தலில் முதலில் கவனித்தது மாதாதான்.

7 அக்டோபர், திங்கள், ஜெபமாலை மாதா திருநாள்

நேற்று திருத்தந்தை பிரான்சிஸ் ரோமில் புனித மரியா பெருங்கோயிலில் அமைதிக்காக ஜெபமாலை சொன்னார். இன்று ஜெபமும் உபவாசமும் கேட்டிருக்கிறார். இந்தத் திருநாளே ஒரு போரிலிருந்து வந்தது. 1571 அக்டோபர் 7, லெப்பாந்தோ கடல்சண்டை. கப்பல்கள் மோதிக்கொண்டிருக்க, ரோமில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெற்றி மாதா என்று ஐந்தாம் பத்திநாதர் ஏற்படுத்தினார். 1573-ல் பதின்மூன்றாம் கிரகோரியார் அதை ஜெபமாலைத் திருநாளாக மாற்றினார். சண்டையின் பெயர் போய் ஜெபத்தின் பெயர் நின்றது. எனக்கு அது பிடித்திருக்கிறது. அக்டோபர் முழுவதையும் ஜெபமாலை மாதமாக்கியது பதின்மூன்றாம் சிங்கராயர், 1883-ல். மாதாவைப் பல பெயர்களால் புகழ்ந்து வேண்டும் மன்றாட்டுமாலையில் ஜெபமாலையின் அரசியே என்பதைச் சேர்த்ததும் அதே வருஷம், அவர்தான்.

கீழே ஒரு அண்ணன், "புனித சாமிநாதருக்கு மாதா நேரில் தோன்றி 15 மறையுண்மையையும் கையில் கொடுத்தார், இதில் என்ன வளர்ந்தது கிளர்ந்தது?" என்கிறார். அந்த மரபை நானும் மதிக்கிறேன், அவர் தொடங்கிய சாமிநாதர் சபையார்தான் ஜெபமாலையை ஊருக்கெல்லாம் கொண்டுபோனார்கள். ஆனால் சாமிநாதர் இறந்தது 1221-ல். இந்தக் கதையைப் பரப்பியவர் அதே சபையைச் சேர்ந்த ஆலன், 15-ஆம் நூற்றாண்டுக்காரர். இடையில் இருநூறு வருஷத்துக்கு மேல். படிக்கத் தெரியாத சனங்கள் 150 திருப்பாடலுக்குப் பதில் 150 முறை ஒரு சின்ன ஜெபத்தைச் சொன்னார்கள், அதிலிருந்து ஜெபமாலை உருவானது என்பதுதான் சரியாகத் தெரிகிறது. இதனால் மாதாவுக்கு ஒரு குறையும் இல்லை அண்ணே.

10 அக்டோபர், வியாழன்

எங்கள் அன்பியத்தில் (பங்கில் பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு) இந்த மாதம் முழுக்க வீட்டுக்கு வீடு ஜெபமாலை. முந்தின நாள் வீட்டிலிருந்து மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு பாட்டோடு அடுத்த வீட்டுக்குப் போவோம். வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம். ஸ்டூலின்மேல் வெள்ளைத்துணி, கனகாம்பரம், இரண்டு மெழுகுதிரி. முடிந்ததும் சுண்டல், காப்பி. நடவு நேரம் என்பதால் பாதிப்பேர் இரண்டாவது பத்தில்தான் வந்து சேர்கிறார்கள். கால் கழுவின ஈரத்தோடு பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, உட்காரும்போதே "புனித மரியே" என்று சேர்ந்துகொள்கிறார்கள்.

நேற்று நடந்ததை எழுதவேண்டும். முதல் பாதியை முன்சொல்பவர் ஒரு வாலிபர். நல்ல குரல், ஆனால் நாங்கள் "எங்கள் இறப்பின் வேளையிலும்" என்று சொல்லும்போதே அவர் அடுத்த "அருள் நிறைந்த"வைத் தொடங்கிவிடுகிறார். நாங்கள் விழுந்தடித்துக்கொண்டு முடிக்கிறோம். ஆமென் என்பது யார் வாயிலும் முழுதாக வரவில்லை. ஐந்து பத்தும் பன்னிரண்டு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. ஒரு பாட்டி கடைசியில், "தம்பி, சாவைப் பத்தின இடத்தை மட்டும் கொஞ்சம் மெதுவா சொல்ல விடுப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இன்று அதே வாலிபர் ஒவ்வொரு ஆமெனுக்கும் காத்திருந்தார். இருபது நிமிஷம் ஆனது. யாருக்கும் நேரம் போனதாகத் தெரியவில்லை.

இதை வைத்து முதல் நாள் எழுதியதைக் கொஞ்சம் இறுக்கிச் சொல்கிறேன். மனம் அலைந்தாலும் பரவாயில்லை என்பதை, எப்படிச் சொன்னாலும் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1974-ல் ஆறாம் பவுல் எழுதிய மடலில், தியானம் இல்லாத ஜெபமாலை உயிர் இல்லாத உடல் என்றே சொல்கிறார். அவர் காட்டும் ஆபத்தும் உங்கள் மகன் காட்டிய அதே மத்தேயு 6:7-தான். அமைதியாக, நிறுத்தி நிதானமாகச் சொல்லவேண்டும் என்கிறார். மனம் போவதை நம்மால் தடுக்க முடியாது. வாய் ஓடுவதைத் தடுக்கலாம்.

11 அக்டோபர், வெள்ளி

மனதைப் பிடிக்க ஒரு வழி கேட்டிருந்தார்கள். 2002 மடலிலேயே ஒன்று இருக்கிறது. இயேசு என்ற பெயர்தான் அந்த ஜெபத்தின் அச்சு. அந்தப் பெயருக்குப் பிறகு அன்றைய மறையுண்மையைச் சின்னதாகச் சேர்த்துச் சொல்வது சில நாடுகளில் வழக்கம். இன்று வெள்ளி, முதல் துக்கம் என்றால், "திருவயிற்றின் கனியாகிய, எங்களுக்காக இரத்தவேர்வை வேர்த்த இயேசுவும்" என்று. கூட்டத்தில் வேண்டாம், குழப்பமாகும். தனியாகச் சொல்லும்போது செய்து பாருங்கள்.

15 அக்டோபர், செவ்வாய்

மழை பிடித்துக்கொண்டது. நாற்றங்காலில் தண்ணீர் நிற்கிறது, வடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அம்மாவின் பதில் வந்திருக்கிறது. அவர் அனுமதியோடு இங்கே போடுகிறேன்.

"நீங்கள் சொன்னபடி மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன் தம்பி. ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். போன வருஷம் வரைக்கும் எங்கள் வீட்டுக்காரர்தான் முன்சொல்வார். நான் அடுப்படியில் இருந்தபடியே மறுபாதி சொல்வேன். இட்லிக்கு ஊற்றிக்கொண்டோ, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டோ சொல்வேன். அப்போது மனம் அலைந்ததா என்று நினைவே இல்லை. அவர் போன பிறகு இரண்டு பாதியையும் நானே சொல்கிறேன். அப்போதிருந்துதான் இப்படி."

இதைப் படித்ததும் நான் இங்கே வசனமும் வருஷமுமாக எழுதிக்கொண்டிருந்ததெல்லாம் வேறு ஒருவருக்குப் பதில் போலத் தெரிந்தது. அம்மா, உங்களுக்கு மனம் அலைகிற வியாதி இல்லை. எதிரில் ஆள் இல்லை.

சின்ன வயதில் எங்கள் தாத்தாவும் பெரியப்பாவும் இறைகூடை போட்டு வாய்க்காலிலிருந்து மேட்டு வயலுக்குத் தண்ணீர் இறைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆளுக்கு இரண்டு கயிறு, எதிரும் புதிருமாக நின்று, கூடை இறங்கி ஏறும். ஒருவர் அசந்தாலும் அடுத்தவர் இழுப்பில் கை தானாகப் போய்விடும். ஜெபமாலையை முன்சொல்வதும் மறுசொல்வதுமாக வைத்திருப்பது அதற்குத்தான் என்று நினைக்கிறேன். உங்கள் மனம் முருங்கைக்கீரைக்குப் போன நேரத்தில் அவர் குரல் உங்களை இழுத்தது. அவர் மனம் வரப்புத் தகராறுக்குப் போன நேரத்தில் உங்கள் "புனித மரியே" அவரை இழுத்திருக்கும். இப்போது இரண்டு பக்கக் கயிற்றையும் ஒரே ஆள் பிடித்திருக்கிறீர்கள்.

சிறுமலர் தெரசா எழுதியதில் முதல் நாள் நான் சுருக்கமாக விட்ட இடத்தை இப்போது முழுதாகச் சொல்கிறேன். எல்லோரும் கூடி ஜெபிக்கும்போது, சகோதரிகளின் பக்தி தன் குறையை ஈடுசெய்துவிடுகிறது என்கிறார். தனியாகச் சொல்லும்போதுதான் அவருக்கும் அந்தக் கஷ்டம்.

16 அக்டோபர், புதன்

நேற்று எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. நம்முடைய ஐம்பத்துமூன்று மணி ஜெபத்தின் கடைசியில் சொல்வோமே, அதுவே திரும்பத் திரும்ப வந்தது. அதிதூதரான மிக்கேலே, கபிரியேலே, இரபேலே, பேதுருவே, பவுலே, யோவானே என்று வரிசையாகக் கூப்பிட்டு, "நாங்கள் எத்தனை பாவிகளாயிருந்தாலும், நாங்கள் வேண்டிக்கொண்ட இந்த ஐம்பத்துமூன்று மணி ஜெபத்தையும் உங்கள் தோத்திரங்களோடே ஒன்றாகக் கூட்டி" மாதாவின் பாதத்தில் காணிக்கையாக வைக்கும்படி கேட்கிறோம். எத்தனை வருஷமாக வேகமாகச் சொல்லி முடித்த வரி! சுண்டல் வாசனை வந்துவிடும், எல்லோரும் எழுந்திருக்கத் தயாராகிவிடுவார்கள், அந்த நேரத்தில் சொல்வது. ஆனால் உங்கள் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. நாம் சொன்னது ஓட்டையும் உடைசலுமாகத்தான் இருக்கும் என்று ஜெபத்தை எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அதனால்தான் அதை அப்படியே கொண்டுபோய் வைக்காமல், தூதர்களின் துதியோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

தனியாகச் சொன்னாலும் தனி இல்லை என்று இதை வைத்து முடித்துவிடலாம். நான் முடிக்க விரும்பவில்லை. ஒரு குரல் வேண்டும், காதில் கேட்கிற குரல். அதற்கு என்ன செய்யலாம் என்று எல்லோரும் சொல்லுங்கள்.

18 அக்டோபர், வெள்ளி

வந்த யோசனைகள்: மாதா டிவியில் சொல்லும் ஜெபமாலையோடு சேர்ந்து சொல்லலாம் என்று பலபேர். எங்கள் அத்தை அப்படித்தான் சொல்கிறார், டிவி முன்சொல்ல இவர் மறுசொல்கிறார். ஒரே குறை, டிவி இவருடைய ஆமெனுக்குக் காத்திருக்காது.

போனில் மகளோடு சொல்லலாம் என்று ஒருவர். இதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். போனில் சேர்ந்து பாட முடியாது, குரல் தாமதமாக வந்து ஒன்றோடொன்று மோதும். ஜெபமாலைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒருவர் சொல்லும்போது அடுத்தவர் சும்மா இருக்கிறார். ஆமென் காதில் விழுந்த பிறகு அடுத்ததைத் தொடங்கினால் போதும். மஸ்கட் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே ஏழு மணி என்றால் அங்கே ஐந்தரை.

மன்றாட்டுமாலையில் 2020-ல் திருத்தந்தை பிரான்சிஸ் மூன்று புகழ்களைச் சேர்த்தார். அதில் ஒன்று, ஊரைவிட்டுப் போனவர்களுக்கு ஆறுதலான தாயே என்பது. நம் பகுதியில் எந்தத் தெருவில் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ ஆள் அனுப்பாத வீடு இருக்கிறது? அந்த இடம் வரும்போது மகளையே முன்சொல்லச் சொல்லுங்கள்.

"வீட்டில் கூடிச் சொன்னால்தான் பரிபூரண பலன், தனியாகச் சொன்னால் கிடையாதாமே" என்று ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார். கோயிலில் சொன்னாலும், குடும்பமாகவோ சபையாகவோ சொன்னாலும், மற்ற நிபந்தனைகளோடு பரிபூரண பலன் (பாவத்துக்கான தண்டனை முழுதும் நீங்கும் அருள்) உண்டு. மற்றபடி சொன்னால் குறைந்த அளவு பலன் உண்டு. கோயில் பக்கத்தில் இருந்தால் அங்கே போய்த் தனியாகச் சொன்னாலும் முழுப் பலன்தான். கணக்குப் பார்க்க வேண்டாம், ஆனால் திருச்சபை கூடிச் சொல்வதற்கு எவ்வளவு மதிப்பு வைத்திருக்கிறது என்பது இதில் தெரிகிறது.

21 அக்டோபர், திங்கள்

அம்மா கேட்டது: வீட்டுக்காரரின் ஜெபமாலை நாலாவது பத்தில் அறுந்து டப்பாவில் கிடக்கிறது. மந்திரித்தது. மண்ணில் புதைத்துவிடலாமா?

மணிகள் நொறுங்கியிருந்தால் புதைக்கலாம். கம்பிதான் விட்டிருக்கிறது என்றால் சரிசெய்து பயன்படுத்துங்கள். எங்கள் பங்கில் அறுந்த ஜெபமாலைகளை நான் கட்டிக்கொடுப்பேன், அதனால் விவரமாகவே சொல்கிறேன். பெரும்பாலும் மணி உடைவதில்லை. மணியையும் மணியையும் சேர்க்கும் வளையம்தான் வியர்வையில் பச்சை பூத்து வாய் திறந்துகொள்ளும். சின்னக் குறடு இரண்டு வேண்டும். வளையத்தின் இரு முனைகளையும் பக்கவாட்டில் இழுத்து அகட்டக் கூடாது, வட்டம் கெட்டுவிடும். ஒரு முனையை முன்னாலும் மறுமுனையைப் பின்னாலும் தள்ளித் திறக்கவேண்டும், மாட்டிய பிறகு அதே வழியில் திருப்பி மூடவேண்டும். கடைசியில் விரலால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் இன்னும் மூடவில்லை. வளையம் கிடைக்காவிட்டால் தூண்டில் நரம்பே போதும், நாரிலோ நூலிலோ கட்டியதைவிட நாள்படும்.

எண்ணிப் பார்த்துக் கோர்த்துவிடுங்கள். பத்துக்கு ஒன்பது மணி ஆகிவிட்டால் விரல் ஏமாறும். ஐந்து பத்தும், சிலுவைக்குப் பக்கத்தில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் கேட்டுச் சொல்லும் மூன்றும் சேர்ந்துதான் 53.

காரில் கண்ணாடிக்குக் கீழே தொங்கவிட்டால் விபத்து வராதா என்று இதே பேச்சில் ஒரு தம்பி நுழைத்திருக்கிறார். 2002 மடல் இதையும் தொட்டிருக்கிறது. தியானம் இல்லாமல் சொல்லிச் சொல்லி, ஜெபமாலையைத் தாயத்துபோல ஆக்கிவிடும் ஆபத்து உண்டு என்கிறது. தொங்கவிடுங்கள், தப்பில்லை. சிக்னலில் நிற்கும்போது ஒரு பத்து சொல்லுங்கள். மெதுவாகவும் ஓட்டுங்கள்.

24 அக்டோபர், வியாழன்

வேளாங்கண்ணி நடைப்பயணம் பற்றிச் சொல்லச் சொல்லி இரண்டு பேர். பேச்சு விலகினாலும் சொல்கிறேன், சம்பந்தம் இருக்கிறது.

ஆகஸ்டு 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருநாள். அதற்கு முன்னாலேயே தஞ்சாவூரிலிருந்து அம்மாப்பேட்டை, நீடாமங்கலம், திருவாரூர், கீழ்வேளூர், நாகப்பட்டினம் வழியாகக் காவி கட்டிய கூட்டம் போய்க்கொண்டே இருக்கும். வெயிலுக்கு ஒதுங்கி இரவில்தான் அதிகம் நடப்பது. வரிசை நீளமாகிவிட்டால், முன்னால் போகிறவர் சொல்லும் முதல் பாதி கடைசி ஆளுக்குக் கேட்காது. நடுவில் இருப்பவர்கள் மறுபாதி சொல்வதைக் கேட்டுத்தான் கடைசியில் இருப்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள். லாரி கடந்து போனால் எல்லாம் அமுங்கிவிடும், அது போன பிறகு பார்த்தால் ஜெபம் எங்கேயோ முன்னால் தொடர்ந்துகொண்டிருக்கும். இளவயதில் நடந்தபோது திருவாரூர் தாண்டிக் கால் கொப்புளத்தில் நான் கிட்டத்தட்ட அழுதுகொண்டு நடந்தேன். எந்த மறையுண்மை என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். பக்கத்தில் வந்த, முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் பங்கையும் சேர்த்து உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் சொல்லாதது அவருக்குத் தெரிந்திருந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, குரலை மட்டும் கூட்டினார்.

28 அக்டோபர், திங்கள்

அம்மா எழுதியிருக்கிறார். மகள் வாரத்தில் சில நாள்தான் அந்த நேரத்தில் சும்மா இருக்கிறாளாம். மற்ற நாளுக்குப் பக்கத்து வீட்டு அம்மா வருகிறார். இந்துதான். வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் போகிறவர். மறுபாதியைக் காதில் கேட்டே பாடமாக்கி வைத்திருக்கிறார். "நீ சொல்லு, நான் பதில் சொல்றேன்" என்று அவரே வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டாராம். அவர் பழைய ஜெபத்தின்படி "அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று சொல்கிறாராம், இது சரியா என்று கேட்கிறார்.

ரொம்பச் சரி. மாற்றச் சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறார். இப்போதும் மனம் மோட்டாருக்குப் போகிறதாம், ஆனால் திரும்பி வந்துவிடுகிறதாம்.

1 நவம்பர், வெள்ளி, சகல புனிதர்கள் திருநாள்

நாளை கல்லறைத் திருநாள், சனிக்கிழமை. சனி என்றால் சந்தோஷ மறையுண்மை, கல்லறையில் நின்று அதைச் சொல்வதா என்று அம்மா கேட்கிறார். கிழமைக்கணக்கு நமக்கு உதவிக்குத்தான், விலங்கு இல்லை. நாளைக்கு மகிமை மறையுண்மைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதே ஆண்டவர் உயிர்த்தது. ஒவ்வொரு பத்து முடிந்ததும் "நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே" சேர்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் இறந்தவர்களுக்காக ஜெபித்தால், வழக்கமான நிபந்தனைகளோடு அந்தப் பரிபூரண பலனை வீட்டுக்காரருக்கே ஒப்புக்கொடுக்கலாம்.

மகள் நாளை லீவு என்றீர்கள். கல்லறையில் நின்று போன் போடுங்கள். வீட்டுக்காரர் சொன்ன பாதியை அவள் சொல்லட்டும், நீங்கள் உங்கள் பாதியைச் சொல்லுங்கள். சாமியார் மந்திரிக்க வரும்போது கூட்டமும் ஒலிபெருக்கியுமாக இருக்கும், ஒன்றும் கேட்காது. அதனால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். போனில் சார்ஜ் இருக்கட்டும். மழை வந்தாலும் வரும், குடையைப் பிடிக்கப் பக்கத்து வீட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.